மட்டக்களப்பில் இருந்துகொண்டே வி.ஏ. இயலாமைக் கொடுப்பனவு: ஸ்லீப் அப்னியாவுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

என் கணவர் அமெரிக்க இராணுவத்தில் பத்து வருடம் இருந்தவர். 2014இல் விலகினார். மாமிக்கு உடம்பு முடியாமல் போனபிறகு கல்லடிக்கே வந்து குடியேறிவிட்டோம். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய்க்காக வி.ஏ.யிடம் (அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்தைத்தான் எல்லாரும் இப்படிச் சொல்வார்கள்) 2020இல் விண்ணப்பித்தோம். மறுத்துவிட்டார்கள். மறுபடி போட்டு, கிடைத்து முடிய மூன்றரை வருடம் போனது. அந்தக் காலத்தில் பாதிக்கு மேல், எந்தக் காகிதத்தை எப்போது எடுக்கவேண்டும் என்று தெரியாமல் நாங்கள் வீணாக்கியது.

அமெரிக்கப் படையில் இருந்துவிட்டு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் திரும்பி வந்திருப்பவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்குமாக இதை எழுதுகிறேன். இலங்கைப் படை, பொலிஸ் ஓய்வூதியங்களுக்கு விதிகள் வேறு. இது அவர்களுக்கு உதவாது.

1. மற்றதெல்லாம் பிறகு, முதலில் திகதியைப் பிடியுங்கள்

வைத்தியரைப் பார்க்கமுன், சோதனை செய்யமுன், இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ‘இன்டென்ட் டு ஃபைல்’ என்று ஓர் அறிவித்தல். ‘நான் விண்ணப்பிக்கப் போகிறேன்’ என்று வி.ஏ.யிடம் சொல்லிவைப்பதுதான் அது. படிவ எண் 21-0966. இணையத்தளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கினாலும் இந்தத் திகதி பதிவாகிவிடும். செலவு ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தையும் கொடுத்தால், பணம் கணக்கிடப்படுவது பெரும்பாலும் அந்த முதல் திகதியிலிருந்துதான். கொழும்புக்குப் போய்ச் சோதனை செய்து, கடிதங்கள் வாங்கி முடிக்க ஏழெட்டு மாதம் ஆகலாம். அந்த மாதங்களின் பணம் இந்த ஒரு பக்கப் படிவத்தில்தான் தங்கியிருக்கிறது. எங்களுக்கு இது தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று காத்திருந்து அவ்வளவையும் இழந்தோம்.

இன்னும் சேவையில் இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: விலகும் நாளுக்கு 180 முதல் 90 நாட்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க வழி உண்டு. குறட்டை, பகல் தூக்கம் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே, படை மருத்துவமனையிலேயே சோதனை செய்து பதிவில் ஏற்றிவிட்டு வரட்டும். கீழே நான் எழுதுகிற அலைச்சலில் பாதி அவருக்கு இருக்காது.

2. நோய் பெரிதா சிறிதா என்பது முதல் கேள்வியே இல்லை

நாங்கள் செய்த பெரிய பிழை இங்கேதான். இவ்வளவு கடுமையான நோய், மூச்சுக்கு உதவும் இயந்திரம் வைத்துத்தான் தூங்குகிறார், அறிக்கையைக் காட்டினால் போதும் என்று நினைத்தோம். வி.ஏ. கேட்பது மூன்று: இப்போது நோய் இருக்கிறதா? சேவைக்காலத்தில் அதற்கான அறிகுறியோ சம்பவமோ இருந்ததா? அந்த இரண்டையும் ஒரு மருத்துவர் இணைத்துச் சொல்கிறாரா? எங்களிடம் முதலாவது மட்டும் பலமாக இருந்தது. இரண்டாவது அரைகுறை. மூன்றாவது இல்லவே இல்லை. மறுப்புக் கடிதத்திலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

3. தூக்கச் சோதனை

வைத்தியர் ‘இவருக்கு ஸ்லீப் அப்னியா’ என்று துண்டில் எழுதிக் கொடுத்தால் போதாது. தூக்கச் சோதனை அறிக்கை கட்டாயம் வேண்டும். நாங்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் எடுத்துக்கொண்டு, கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் ஓர் இரவு தங்கிச் செய்தோம்.

வீட்டுக்குக் கருவியைக் கொண்டுவந்து செய்யும் சோதனையும் உண்டு, செலவும் குறைவு. ஆனால் வைத்தியர் அந்த முடிவைப் பார்த்து, நோயை உறுதிசெய்து எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கருவி கக்கிய வரைபடத் தாள் மட்டும் போனால் பிரச்சினை வரும்.

விலை இடத்துக்கிடம் நிறைய வித்தியாசம். குறைந்தது மூன்று இடத்துக்காவது போன் பண்ணிக் கேளுங்கள். கேட்கும்போது அறிக்கைக்கும் வைத்தியரின் விளக்கத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் காசா என்று கேளுங்கள். எங்களுக்கு அறிக்கைக்கு ஒரு தொகை, அதை வாசித்து எழுதிய நிபுணருக்கு வேறு தொகை. பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரவு பஸ்ஸில் போய், பகல் முழுக்க அலைந்து, அன்றிரவே சோதனைக்குப் படுத்தால் உடம்பு தன் வழக்கப்படி தூங்காது. முடிந்தால் ஒரு நாள் முந்திப் போங்கள்.

அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை இலேசு, 30க்கு மேல் கடுமை. இவருக்கு 41. அதைப் பார்த்து நிச்சயம் கிடைக்கும் என்று நம்பினோம். வி.ஏ. இந்த எண்ணை வைத்து இயலாமைச் சதவீதம் போடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

4. இயந்திரம்: ‘அவசியம்’ என்ற சொல்

சதவீதம் இப்படிப் போகிறது. நோய் உறுதியாகியும் அறிகுறி இல்லை என்றால் 0. பகலில் ஓயாத தூக்கக் கலக்கம் என்றால் 30. சீபாப் போன்ற மூச்சு உதவிக் கருவி தேவைப்பட்டால் 50. நாட்பட்ட சுவாசச் செயலிழப்பும் கரியமிலவாயு தேங்குதலும், அல்லது நுரையீரலால் வந்த இதயப் பாதிப்பு, அல்லது தொண்டையில் துளையிடும் நிலை என்றால் 100. இதை மாற்றும் யோசனை ஒன்றை 2022 பெப்ரவரியில் வி.ஏ. வெளியிட்டது. அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

2025ஆம் ஆண்டுக் கணக்கில் தனி ஆளுக்கு மாதம் 30 சதவீதம் என்றால் 537.42 டொலர், 50 என்றால் 1,102.04 டொலர், 100 என்றால் 3,831.30 டொலர். அமெரிக்க வருமான வரி இதற்கு இல்லை.

இயந்திரம் வைத்திருக்கிறார் என்று காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். இவருக்கு இந்தக் கருவி மருத்துவ ரீதியில் அவசியம், இன்ன காரணத்தால் என்று வைத்தியர் எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது. இயந்திரத்தின் விலை லட்சக்கணக்கில் போகிறது, ஆகவே வாங்கமுன் இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் எடுப்பித்தால், 240 வோல்ட்டுக்கும் பொருந்துமா என்று மின் பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

5. சேவைக்காலச் சான்றுகள்

டி.டி.-214 விடுவிப்புப் பத்திரம் கையில் இருக்கவேண்டும். தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண நிலையத்துக்கு விண்ணப்பித்து எடுக்கலாம். சேவைக்கால மருத்துவப் பதிவுகளை வி.ஏ. தானாக எடுக்கும். ஆனாலும் நீங்களும் ஒரு பிரதி எடுத்து ஒவ்வொரு பக்கமாக வாசியுங்கள். இவருடைய பதிவில் ‘அப்னியா’ என்ற சொல்லே இல்லை. ஆனால் ஈராக்கிலிருந்து திரும்பிய பிறகு மூக்கடைப்புக்காக நான்கு தடவை போயிருக்கிறார், ஒருதடவை ‘தூங்கி எழுந்தும் களைப்பு’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கங்கள்தான் பிறகு கைகொடுத்தன.

சேவையில் இருந்தபோது நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இல்லை. கூட இருந்தவர்கள் கண்டது, கேட்டது சாட்சி. அதற்கு 21-10210 என்ற படிவம். ஒரே அறையில் படுத்த நண்பர் எழுதலாம், மனைவி எழுதலாம்.

நான் எழுதியதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை பிழையாக எழுதினேன். ‘என் கணவர் மிகவும் கஷ்டப்படுகிறார், குறட்டை தாங்கமுடியாது’ என்று இரண்டு பக்கம். அதில் ஒரு திகதி இல்லை. இரண்டாவது தடவை உட்கார்ந்து யோசித்தேன். 2009இல் கல்யாணம் முடிந்து டெக்சாஸில் படைக் குடியிருப்புக்குப் போன முதல் மாதமே, குறட்டை திடீரென்று அறுந்து அறை அமைதியாகிவிடும். நான் மேசை மணிக்கூட்டின் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சிலவேளை அரை நிமிடம் போகும். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வந்தவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு. இங்கே கல்லடி வீட்டிலும் அதேதான், அந்த இடைவெளியில் கடல் இரைவது மட்டும் கேட்கும். எந்த ஆண்டு, எந்த வீடு, வாரத்தில் எத்தனை இரவு, எத்தனை விநாடி, நான் உலுக்கி எழுப்பியது, காலையில் தலையிடி என்று சொன்னது. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். தீர்ப்புக் கடிதத்தில் என் பக்கத்தைக் குறிப்பிட்டே எழுதியிருந்தார்கள்.

நோயின் பெயரை நீங்கள் சொல்லவேண்டாம். அது வைத்தியரின் வேலை. கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். இந்தப் படிவத்துக்குச் சமாதான நீதவானின் முத்திரை தேவையில்லை. நம்முடைய பழக்கத்தில் முத்திரைக்காக ஒரு நாள் அலைவோம், அந்த அலைச்சலை விடுங்கள்.

6. இணைப்புக் கடிதம்

எல்லாமே இதில்தான் நிற்கிறது. ‘நெக்சஸ் கடிதம்’ என்பார்கள். நோய்க்கும் சேவைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர் காரணத்தோடு எழுதுவது.

ஸ்லீப் அப்னியா மூன்று வழியில் சேவையோடு சேரலாம். சேவையிலேயே தொடங்கியது என்பது ஒன்று. ஏற்கனவே சேவைத் தொடர்பு ஏற்கப்பட்ட இன்னொரு நோயால் வந்தது என்பது இரண்டு. அந்த நோயால் மோசமானது என்பது மூன்று. நாங்கள் முதல் வழியில் போய்த் தோற்றோம். பிறகு வேறு பாதை எடுத்தோம். 2022 ஓகஸ்டில் வந்த பாக்ட் சட்டத்தின்படி, ஈராக் போன்ற இடங்களில் குப்பை எரிகுழிப் புகைக்குள் இருந்தவர்களுக்கு நாட்பட்ட மூக்கு அழற்சி, சைனஸ் அழற்சி, ஆஸ்துமா போன்றவை சேவையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஸ்லீப் அப்னியா அந்தப் பட்டியலில் இல்லை. பலர் இருக்கிறது என்று நினைத்து வெறும் கையோடு விண்ணப்பிக்கிறார்கள், கவனம். இவருக்கு முதலில் மூக்கு அழற்சி ஏற்கப்பட்டது. அதன்பிறகு, அந்த மூக்கடைப்பு அப்னியாவை மோசமாக்கியது என்று கடிதம் வாங்கினோம். மனவடுக் கோளாறு உள்ளவர்களும், ஏற்கப்பட்ட முழங்கால் அல்லது முதுகு நோயால் நடமாட முடியாமல் எடை கூடி அப்னியா வந்தவர்களும் இதே மாதிரி வாதிடலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் மருத்துவர் எழுதவேண்டும்.

கடிதத்தில் இருக்கவேண்டியவை: மருத்துவரின் தகுதி, அவர் சேவைக்காலப் பதிவுகளை வாசித்தார் என்ற வரி, தொடர்பு ‘அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நொட்’ என்ற அதே ஆங்கிலச் சொற்கள், பிறகு ஏன் என்ற விளக்கம். அந்தச் சொற்களின் பொருள் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதுதான். முதலில் இங்கே ஒரு வைத்தியர் நல்ல மனதோடு எழுதித் தந்த கடிதத்தில் ‘தொடர்பு இருக்கலாம்’ என்று இருந்தது. நமக்கு அது போதும் போலத்தான் தெரியும். வி.ஏ.க்கு ‘இருக்கலாம்’ என்பது வெறும் ஊகம், தள்ளிவிடுவார்கள். இங்குள்ள வைத்தியர்களுக்கு இந்த முறை பழக்கமில்லை, அது அவர்கள் பிழையும் இல்லை. சேவைப் பதிவின் முக்கியமான பக்கங்களுக்கு அடையாளம் ஒட்டி, தேவையான சொற்களை ஒரு தாளில் எழுதி மரியாதையாகக் கொடுங்கள். உண்மை என்று அவருக்குப் பட்டால் எழுதுவார். ஐந்து நிமிட கிளினிக் வரிசையில் இதைக் கேட்காதீர்கள், மாலையில் தனியாக நேரம் எடுத்துப் போங்கள்.

அமெரிக்காவில் இருந்து இணையம் மூலம் கடிதம் எழுதித் தருபவர்களும் உண்டு. பல நூறு டொலர், சிலர் ஆயிரத்துக்கு மேலும் கேட்கிறார்கள். பதிவை வாசிக்காமல் ஒரே அச்சில் வார்ப்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

7. யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள்

முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்க யாரும் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்வார்கள், மின்னஞ்சல் மூலமாகவே. வழக்கறிஞர் கட்டணம் வாங்கலாம், ஆனால் முதல் முடிவு வந்தபிறகுதான். ‘கிடைக்கும் பணத்தில் ஆறு மாதப் பங்கு தா’ என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் எங்களிடமும் வந்தார். வி.ஏ.யின் அங்கீகாரப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தப் பட்டியல் வி.ஏ. தளத்தில் எல்லாரும் பார்க்கக்கூடியது.

8. அனுப்புவது

விண்ணப்பப் படிவம் 21-526 ஈ.இசட். ஏற்கனவே மறுக்கப்பட்டிருந்தால் 20-0995, புதிய சான்றோடு. இணையத்தில் போடுவதே நல்லது. வி.ஏ. தளத்தில் நுழைவதற்கான கணக்கை உறுதிசெய்யும்போது அமெரிக்கத் தொலைபேசி எண் இல்லாமல் நாங்கள் இரண்டு வாரம் தடுமாறினோம். அங்கிருந்து புறப்படும்போதே கணக்கைத் திறந்து உறுதிசெய்துவிட்டு வாருங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பெயரும் கோப்பு எண்ணும்.

ஆங்கிலத்தில் இல்லாத எதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். நம்முடைய கிளினிக் கொப்பியில் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் எழுத்து விளங்காது. அதைப் படமெடுத்து அனுப்புவதைவிட, வைத்தியசாலையில் தட்டச்சு செய்த மருத்துவ அறிக்கை ஒன்றைக் கேட்டு எடுங்கள். நாட்கள் ஆகும், அதனால் முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

9. பரிசோதனை அழைப்பு

மருத்துவப் பரிசோதனைக்காக வி.ஏ. சார்பில் ஓர் ஒப்பந்த நிறுவனம் தொடர்புகொள்ளும். எங்களுக்குக் காணொளி மூலம் நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை எட்டு மணி என்றால் நமக்கு மாலை ஐந்தரை, அங்கே குளிர்காலத்தில் ஆறரை. தெரியாத வெளிநாட்டு எண் என்று அழைப்பைத் துண்டிக்காதீர்கள், மின்னஞ்சலில் ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள். காரணமில்லாமல் தவறவிட்டால் கையிலிருக்கும் காகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடுவார்கள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நம்மவர்கள் ‘ஓம், சுகம்’ என்றுதான் தொடங்குவார்கள். அதுவும் குறிப்பில் ஏறும். இயந்திரம் போடாத இரவுக்கு அடுத்த நாள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லச் சொல்லுங்கள்.

10. முடிவு வந்தபிறகு

மறுத்தால் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருடம். அதற்குள் புதிய சான்றோடு மறுபடி போடலாம், மேல் அதிகாரி மறுபார்வை கேட்கலாம், மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். வருடம் தாண்டினால் பழைய திகதி போய்விடும். எங்கள் மறுப்புக் கடிதம் பதினான்கு மாதம் லாச்சிக்குள் கிடந்தது. இவர் மனம் உடைந்து அதைத் திறக்கவே விடவில்லை. அந்த இரண்டு மாதத் தாமதம், இரண்டு வருடத்துக்கு மேலான பணத்தைக் கொண்டுபோனது.

கிடைத்தால் கணக்கைச் சரிபாருங்கள். மூக்கு அழற்சிக்கு 10, அப்னியாவுக்கு 50 என்றால் நேரே கூட்டமாட்டார்கள். 50 போக மீதியின் பத்தில் ஒன்று, அதாவது 55, அதைக் கிட்டிய பத்துக்கு மாற்றி 60. ஆஸ்துமாவும் அப்னியாவும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சதவீதம் இல்லை, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

30 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். படிவம் 21-686சி. அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர் விவாகச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழ்களையும் காட்டவேண்டும். பிரதேச செயலகத்தில் எடுத்த தமிழ்ப் பிரதியோடு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதியையும் வைத்தோம். பெயரின் ஆங்கில எழுத்துக்கள் கடவுச்சீட்டில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று மொழிபெயர்ப்பாளரின் மேசையிலேயே பாருங்கள். இதைக் கொடுப்பனவுக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் செய்யுங்கள். அமெரிக்க வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.

கடைசியாக, ஏற்கப்பட்ட நோய்க்கு இலங்கையில் செய்யும் சிகிச்சைச் செலவைத் திருப்பித் தரும் வெளிநாட்டு மருத்துவத் திட்டம் ஒன்று இருக்கிறது. 10-7959எஃப்-1 படிவத்தில் பதிந்துவிடுங்கள். முகமூடி, குழாய், வைத்தியர் கட்டணம் என்று எல்லாப் பற்றுச்சீட்டையும் வையுங்கள், சிகிச்சை நடந்து இரண்டு வருடத்துக்குள் அனுப்பவேண்டும். மருந்துக் கடைச் சீட்டில் எழுத்து ஆறேழு மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுங்கள். மார்கழி வெள்ளத்தில் எங்கள் கீழ் லாச்சி நனைந்ததிலிருந்து, அந்தக் கோப்பு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.